உள் தாழ்ப்பாள்

மாடி அறையை வாடகைக்கு விட்டிருக்கிறேன். சுங்குவார்சத்திரத்தில் செல்போன் செய்கிற கம்பெனிக்குப் போகிற பெண்கள், திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளைகள். அறையைச் சுற்றிப் பார்த்ததும் அவர்களில் ஒருத்தி கதவைச் சாத்தி, மரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "உள்ள தாப்பாளே இல்லையேக்கா, எப்படி ஒறங்குறது?" என்று கேட்டாள். போட்டுத் தருகிறேன் என்றேன். நேற்று ஆசாரி வந்தார். பழைய ஸ்க்ரூ ஏதாவது கிடக்கிறதா என்று பரணைத் துழாவியவர், வளைந்து துருவேறிய ஒரு தாழ்ப்பாளை எடுத்து என் கையில் கொடுத்தார். "இன்னாக்கா இது, எவனோ எட்டி ஒதச்ச மாதிரி கீது?"

துருவின் வாடை கையில் ஒட்டிக்கொண்டது. சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் போய் மூன்று வருஷம் ஆகப்போகிறது. திதிக்குப் படைக்கிறேன், படத்துக்குப் பூ வைக்கிறேன், ஆனால் உங்களோடு பேசியதில்லை. உயிரோடு இருந்தபோதும் நாம் ஒன்றும் விடிய விடியப் பேசிக்கொண்டிருந்தவர்கள் இல்லை.

உங்களுக்கு ஒரு சேதி இருக்கிறது. அந்தச் சட்டம் போய்விட்டது. முன்னூற்று எழுபத்தேழு. அந்த எண்ணைச் சொல்லும்போதெல்லாம் உங்கள் குரல் தாழும், ஞாபகம் இருக்கிறதா? ஆணும் ஆணும் மனமொப்பிச் சேர்ந்திருந்தால் குற்றமில்லை என்று டெல்லியில் பெரிய கோர்ட்டு இந்த மாதம் சொல்லிவிட்டது. டீவியில் சின்னப் பிள்ளைகள் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார்கள், கலர் கலராகக் கொடி பிடித்து ஆடினார்கள். கட்டிலில் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்த உங்கள் அம்மா, "இன்னாடி அது, புதுக் கட்சியா?" என்று கேட்டார். ஆமாம் அத்தை, புதுக் கட்சிதான் என்றேன். அதற்கப்புறம் ஒரு விவாதம் வைத்தார்கள். ஒரு சாமியார், ஒரு பாதிரியார், ஒரு மௌலவி. மற்ற நாளில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதவர்கள், அன்றைக்கு ஒரே சோபாவில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, ஒருவர் சொல்வதற்கு மற்றவர் தலையாட்டினார்கள். இந்த நாட்டில் மத ஒற்றுமை இல்லை என்று இனி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

செய்தி கேட்டதும் நான் சந்தோஷப்பட்டேன் என்று நீங்கள் நினைத்தால் அது தப்பு. எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

தொண்ணூற்றொன்று தை மாதம் நமக்குக் கல்யாணம். குன்றத்தூரிலிருந்து என்னை அழைத்து வந்தார்கள். மாப்பிள்ளை வார்ப்படக் கம்பெனியில் பர்மனென்ட், குடி கிடையாது, பீடி கிடையாது, பெண்கள் பக்கம் திரும்பிப் பார்க்காத பையன் என்று தரகர் சொன்னார். கடைசியில் சொன்னது எவ்வளவு உண்மை என்று அவருக்கே தெரிந்திருக்காது. தை மாதக் குளிரில், உள்ளே வெக்கையாக இருக்கிறது என்று நீங்கள் மொட்டை மாடியில் போய்ப் படுத்தீர்கள். என்னிடம்தான் ஏதோ குறை என்று நான் மஞ்சள் மேல் மஞ்சளாகப் பூசிக் குளித்தேன். அதை இப்போது நினைத்தால்கூட உடம்பு கூசுகிறது.

பங்குனியில் என் அம்மா வீட்டுக்குப் போய்விட்டுச் சைக்கிளில் திரும்பி வரும்போது, செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தினீர்கள். நல்ல வெயில். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்: "எனுக்குப் பொம்பளைங்க மேல மனசு போவல. சின்ன வயசுலேர்ந்தே அப்டித்தான். உன் மேல ஒரு கொறையும் இல்ல." சேவியரைப் பற்றியும் அன்றைக்கே சொன்னீர்கள். கன்னியாகுமரிப் பக்கத்துக் கடற்கரைக்காரர், உங்கள் கம்பெனியில் உங்களோடு உலையில் நிற்பவர்.

"அப்ப எதுக்குங்க என்னக் கட்டிகினீங்க?"

"அம்மா அழுதாங்க."

அவ்வளவுதான். உங்கள் அம்மாவின் கண்ணீரைத் துடைக்க நான் ஒரு துணி. அங்கேயே உங்களை ஏரியில் தள்ளிவிடலாமா என்றிருந்தது. ஆனால் நீங்கள் சைக்கிள் ஹேண்டில்பாரை விடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். முந்தைய வருஷம் உங்கள் கம்பெனியில் இரண்டு பேரை செக்யூரிட்டி பிடித்து ஸ்டேஷனில் கொடுத்ததையும், ஒருவன் ஊரை விட்டே ஓடியதையும், இன்னொருவன் இதே ஏரியில் மிதந்ததையும் சொன்னீர்கள். "ஆயுசுக்கும் உள்ள போடலாமாம். யார்கிட்டயும் சொல்லிடாத." சொல்ல மாட்டேன் என்றேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. வாக்குக் கொடுப்பது சுலபம் என்று நினைக்கிற வயது.

பிறந்த வீட்டுக்கே போய்விடலாம் என்று நினைக்காமல் இல்லை. வக்கீலைப் பார்த்தால் காரணம் கேட்பார். குடிக்கிறாரா, அடிக்கிறாரா, வேறு பெண்ணா? மூன்றும் பொய். என்னிடம் இருந்த ஒரே உண்மையைச் சொன்னால் எனக்கு விடுதலை, உங்களுக்கு ஜெயில். அந்தச் சட்டம் உங்களைத்தான் பயமுறுத்தியது என்று இன்றைக்கு டீவியில் பேசுகிறவர்கள் நினைக்கிறார்கள். அது என் வாயையும் சேர்த்துத்தான் கட்டிப்போட்டது. என்னைப் பற்றி எந்த வக்கீலும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்தது. அதற்கப்புறம் இந்தப் பக்கம் வெளியூர் ஆம்பளை என்றாலே போலீஸ் நிறுத்திக் கேட்டது. லாட்ஜுக்காரர்கள் தனி ஆட்களை மூட்டை முடிச்சோடு வெளியே அனுப்பினார்கள். சேவியரையும் அனுப்பினார்கள். நீங்கள் அவரை வீட்டுக்குக் கூட்டி வந்து, "நம்ம கம்பெனி ஆளும்மா, போக்கிடம் இல்ல" என்றீர்கள். மாடியில் நெல் மூட்டை போட்டிருந்த அறையைக் கூட்டிக் கழுவிக் கொடுத்தவர் உங்கள் அம்மாதான். உள் தாழ்ப்பாள் மாட்டச் சொன்னதும் அவரேதான். "நைட் ஷிப்ட் முட்ச்சிட்டு தூங்கற புள்ள. தெருப் பசங்க பூந்து எழுப்பாம இருக்கட்டும்" என்றார்.

சேவியரை வெறுக்கத்தான் ஆசைப்பட்டேன். முடியவில்லை. சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்த முதல் ஆம்பளையை நான் இந்த வீட்டில் அப்போதுதான் பார்த்தேன். உங்கள் அம்மாவே, "ஏம்பா, பொம்பளைங்க இருக்கசொல்ல நீ கழுவுறியே" என்று வெட்கப்பட்டார். சேவியர் சிரித்துக்கொண்டு, "கழுவலன்னா எங்க வீட்ல அம்மை தலையில குட்டுவாவ, மைனி" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அண்ணி என்பதை அவர் ஊரில் மைனி என்பார்களாம். ஞாயிறு காலையில் சர்ச்சில் பூசைக்குப் போய்விட்டு வரும்போது எனக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டதாகச் சொல்வார். எதற்கு என்று நான் கேட்டதில்லை. மாடியிலிருந்து உங்கள் சிரிப்புச் சத்தம் கேட்கும். நீங்கள் வாய் விட்டுச் சிரிப்பீர்கள் என்பதே எனக்கு அதற்கப்புறம்தான் தெரியும். அடுப்படியில் நின்றுகொண்டு அதைக் கேட்பேன். பொறாமைதான், ஏன் மறைக்க வேண்டும்?

ஆனால் ஊர் வேறு மாதிரி கணக்குப் போட்டது. வீட்டில் புதுசாக வந்த மருமகள், மாடியில் கல்யாணம் ஆகாத வெளியூர்க்காரன், புருஷனுக்கு மாறி மாறி ஷிப்ட். எதிர்வீட்டு சரோஜா ஜன்னலை விட்டு நகரவில்லை. "அந்த வேதக்காரப் பையன் இன்னா, உங்க வூட்டு மருமவளையே மைனி மைனின்னு சுத்திகினு கெடக்குறான்?" என்று உங்கள் அண்ணனிடம் போட்டுக்கொடுத்தாள். இந்த ஊருக்குத் தெரிந்த பாவம் ஒன்றே ஒன்றுதான். அதற்கு ஒரு பொம்பளை இல்லாமல் முடியாது.

ஆடி ஞாயிறு. அம்மன் கோயிலில் கூழ் ஊற்ற எல்லோரும் போய்விட்டார்கள். நான் வீட்டுக்கு விலக்கு, அதனால் புழக்கடையில் துணி துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்திருந்தேன். சேவியருக்கு அன்றைக்கு வார விடுமுறை. உங்களுக்கு முதல் ஷிப்ட். ஆனால் கரண்ட் இல்லை என்று உலையை அணைத்து உங்களை அனுப்பிவிட்டார்கள். தெருப்பக்கம் வராமல் வயல் வழியாகக் குறுக்கே வந்தீர்கள். டிபன் பையைக் கல்லின் பக்கத்தில் வைத்துவிட்டு, சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் மாடிக்குப் போனீர்கள்.

மாடியில் பேச்சுக்குரல் கேட்டதும் சரோஜா கோயிலுக்கே ஆள் அனுப்பியிருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் தெருமுனையில் உங்கள் அண்ணனின் மொபெட் சத்தம். கூடவே அவர் குரல், பின்னால் நாலைந்து ஆட்கள். "அவன் தனியா கீறான்னு தெரிஞ்சே இவ மாடி ஏறிக்கிறா. இன்னிக்கு ரெண்டு பேரையும் வெட்டிப் போடறேன்." நான் அங்கே கல்லின் மேலேயே உட்கார்ந்திருந்தால் போதும். புழக்கடையில் தீட்டுக்காரியாக நான் இருப்பதைப் பார்த்திருப்பார்கள், மாடிக்குப் போய் உங்கள் இருவரையும் பார்த்திருப்பார்கள். எனக்கு எதுவும் ஆகியிருக்காது. அதை யோசிக்கக்கூட நேரமில்லாமல் என் கால் படியேறிவிட்டது.

கதவைத் தட்டினேன். திறந்தீர்கள். "உங்க அண்ணன் வராரு" என்றேன். பின்பக்க ஜன்னலுக்குக் கீழே வைக்கோல் போர். நீங்கள் ஒரு நொடி சேவியரைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள், குதித்துவிட்டீர்கள். கீழே முன்வாசல் கதவு திறக்கும் சத்தம். நீங்கள் போரிலிருந்து இறங்கி வயலுக்குள் போக நேரம் வேண்டுமே. மாடிக் கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போட்டேன். போட்டது என் கை. சேவியர், "மைனி, வேண்டாம், தொறங்க" என்று கெஞ்சினார். நான் கதவில் முதுகைச் சாய்த்து நின்றேன். வெளியே உங்கள் அண்ணன் உதைக்க உதைக்க, அந்தத் தாழ்ப்பாள் என் முதுகில் இடித்தது.

கதவு உடைந்தபோது அவர்கள் பார்த்தது என்னையும் சேவியரையும்.

அவரை முற்றத்துக்கு இழுத்து வந்து மாட்டுச் சாட்டையால் அடித்தார்கள். வாயில் ரத்தம் வழிய, "ஆமா, நாந்தான் கூப்பிட்டேன். மைனி மேல தப்பு இல்ல, அவங்கள விட்டுருங்க" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். பொய்தான். ஆனால் அன்றைக்கு அந்த முற்றத்தில் எனக்காக வாயைத் திறந்தவர் அவர் ஒருவர்தான். அப்போது நீங்கள் முன்வாசல் வழியாக உள்ளே வந்தீர்கள், கையில் டிபன் பையோடு, ஷிப்ட் முடிந்து வருகிறவராக. என் மனசுக்குள், இதோ இப்போது சொல்லிவிடுவார், இதோ சொல்லிவிடுவார் என்று நின்றேன். உங்கள் அம்மா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்து, "உன் தலையெழுத்தாடா இது, எங்கண்ணு" என்று உங்களைக் கட்டிக்கொண்டு முதுகைத் தட்டித் தட்டி அழுதார். உங்கள் அண்ணன், "இவள இன்னாடா பண்ணலாம்? அப்பன் வூட்டுக்குத் துரத்திடலாமா?" என்று கேட்டார்.

நீங்கள் தரையைப் பார்த்தீர்கள். "கெடக்கட்டும்ணா. வுட்டுடு."

நீங்கள் சொன்னது அவ்வளவுதான். அதிலேயே நீங்கள் தெய்வமாகிவிட்டீர்கள்.

கெட்டுப்போன பெண்டாட்டியைத் தள்ளி வைக்காமல் சோறு போட்டு வைத்திருக்கிற உத்தமர் என்று ஊரே பேசியது. அடுத்த தெருவில் புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால், பெருந்தன்மையானவர் என்று உங்களை அழைத்துக்கொண்டு போவார்கள். நீங்களும் போவீர்கள்! துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நீங்கள் கிளம்புவதைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். குழந்தை இல்லாததற்கும் வருஷா வருஷம் குன்றத்தூர் மலையேறித் தொட்டில் கட்டினோம். அந்தச் சின்னத் தொட்டிலை ஆட்டிவிட்டுக் கண்மூடி நிற்பீர்களே, முருகனிடம் என்னதான் கேட்டீர்கள்? சுற்றி நின்ற பொம்பளைகள், இவளுக்கு ஏதுடி பிள்ளைப் பாக்கியம் என்று என் காதுபடச் சொன்னார்கள். நீங்கள் காது கேட்காதவர் மாதிரி விபூதி பூசிக்கொண்டீர்கள்.

சேவியர் அன்றைக்கே போனவர்தான். எங்கே இருக்கிறார், இருக்கிறாரா என்று உங்களுக்கும் தெரியாது. நீங்கள் தேடினீர்களா என்பதும் எனக்குத் தெரியாது. மாடியில் அதற்கப்புறம் சிரிப்புச் சத்தம் கேட்டதில்லை. அதற்காக உங்கள் மேல் எனக்குப் பரிதாபம் உண்டு. பரிதாபம் இருக்கிறது என்பதற்காக ஆத்திரம் குறைந்துவிடுமா?

அன்று சாயங்காலமே உங்கள் அண்ணன் இந்த வீட்டில் இருந்த எல்லா உள் தாழ்ப்பாளையும் கழற்றினார். மாடி, நம் அறை, குளிக்கிற மறைவு, ஒன்றையும் விடவில்லை. "இனிமே இந்த வூட்ல எந்தக் கதவுக்கும் உள்ள தாப்பா கெடயாது." அன்றிலிருந்து நான் கதவைச் சாத்தி, ஒரு காலை முட்டுக்கொடுத்துக்கொண்டுதான் புடவை மாற்றுகிறேன். உங்கள் அண்ணன் செத்த பிறகாவது நம் அறைக்கு ஒன்று வாங்கிப் போடுங்கள் என்று கேட்டேன். சிரித்தீர்கள். "நமக்கு எதுக்குத் தாப்பா?" என்றீர்கள். வேடிக்கையாகத்தான் சொன்னீர்கள், தெரியும். உங்களுக்கு வேண்டாம் சரி, எனக்கு வேண்டாமா என்று நீங்கள் நினைத்துப் பார்க்கவே இல்லை.

நேற்று ஆசாரி போன பிறகு அந்த வளைந்த தாழ்ப்பாளோடு உங்கள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கண் மங்கினாலும் அதை அடையாளம் கண்டுகொண்டார். "அத்த ஏண்டி எடுத்தாந்த? எம் புள்ள தெய்வம்டி. வேற எவனா இருந்தா உன்ன வெச்சிகினு இருப்பானா?" என்று பழைய பாட்டை எடுத்தார். எத்தனையோ முறை கேட்டதுதான். ஆனால் நேற்று எனக்கு வாயை மூட ஒரு காரணமும் இல்லை. சட்டம் போய்விட்டது, நீங்களும் போய்விட்டீர்கள். "அத்தை, அன்னிக்கு மாடியில இருந்தது நான் இல்ல, உங்க புள்ள" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஏரிக்கரையிலிருந்து வைக்கோல் போர் வரைக்கும். அவர் என்னை அடிப்பார், சாபம் விடுவார், செத்தவன் மேல் பழி போடுகிறாயா என்று கத்துவார் என்று காத்திருந்தேன்.

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். சுவரைப் பார்த்தபடியே சொன்னார்.

"தெரியும்டி."

எனக்கு விளங்கவில்லை.

"ஷிப்ட்லேர்ந்து வந்த புள்ளைக்கு முதுவெல்லாம் ஏதுடி வைக்கோலு? அத்தினி பேரு நிக்கிறானுங்க. எவனும் பாக்கறதுக்குள்ள தட்டி வுட்டது நாந்தான்."

தாழ்ப்பாளைக் கீழே வைத்தேன்.

"நீ ஒருத்தி தாங்கிகினா ரெண்டு உசுரு பொழச்சுது. நான் பெத்தவ, இன்னாடி பண்ண சொல்ற?" என்றவர், என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். "இத்த யார்கிட்டயும் சொல்லிடாத. செத்தவன் பேரு கெட்டுடும்."

யார்கிட்டயும் சொல்லிடாத. ஏரிக்கரையில் நீங்கள் சொன்ன அதே வார்த்தை, அதே குரல். எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று இப்போது தெரிகிறது.

ஆக, உங்களுக்குத் தெரியும், சேவியருக்குத் தெரியும், உங்கள் அம்மாவுக்கும் தெரியும். என் பெயர் சுத்தம் என்று தெரிந்த அத்தனை பேரும் இதே வீட்டுச் சோற்றைத்தான் சாப்பிட்டீர்கள். என் கையால் ஆக்கிய சோறு. உங்கள் அம்மாவுக்கு இன்றைக்குக் காலையிலும் நான்தான் உடம்பு துடைத்து, கஞ்சி ஊட்டினேன். வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார். அவரை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. கோர்ட்டில் உங்களைக் குற்றமற்றவர் என்று சொல்லிவிட்டார்கள், நல்லது, நிஜமாகவே நல்லது. உங்களை மாதிரி இன்னொருவன் அம்மா அழுதாள் என்று இன்னொரு பெண்ணின் கழுத்தில் தாலி கட்டாமல் இருந்தால் போதும். ஆனால் என் வழக்கு எந்தக் கோர்ட்டில் நடந்தது? இந்த முற்றத்தில் நடந்தது. தீர்ப்புச் சொன்னவர் நீங்கள். மேல் முறையீட்டுக்கு உங்களை எங்கே போய்த் தேடுவேன்?

ஆசாரி இன்றைக்கு மறுபடியும் வந்தார். மாடிக்குப் புதுசு மாட்டிவிட்டு, யாரையும் கேட்காமலேயே என் அறைக்கும் ஒன்று மாட்டச் சொன்னேன். பளபளவென்று இருக்கிறது. அவர் போனதும் உள்ளே போய்க் கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டு, இழுத்துப் பார்த்தேன். கெட்டியாக இருந்தது. நிம்மதியாகப் புடவை மாற்றலாம் என்று முந்தானையை எடுத்தேன். குனிந்து பார்க்கிறேன், என் கால் தானாகவே போய்க் கதவுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டு நிற்கிறது.